பசறையும் தேயிலைத் தொழிற்சாலையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஓர் ஊரின் வரலாற்றைக் கோயிலிலிருந்தோ கோட்டையிலிருந்தோ தொடங்குவது நம்மவர் வழக்கம். இன்று நாம் காணும் பசறைக் கடைத்தெருவின் வரலாற்றை அவ்வாறு தொடங்குதல் இயலாது. பதுளையிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீற்றர் தொலைவில், நமுனுகலை மலையை அண்டி அமைந்துள்ள இச்சிறு நகரத்தின் அரிசிக் கடையும் அடகுக் கடையும், தையற் கடையும் தேநீர்க் கடையும் சுற்றியுள்ள மலைகளிலே எழுந்து நிற்கும் தேயிலைத் தொழிற்சாலைகளைச் சார்ந்தே தோன்றின. அவற்றைச் சார்ந்தே வாழ்ந்தன. கோணக்கலை, மீதும்பிட்டிய, டெமேரியா, எல்டெப் முதலிய தோட்டங்களின் பெயர்களை நீக்கிவிட்டுப் பசறையின் பொருளாதாரத்தை விளக்க முற்படுவது, வேரை நீக்கிவிட்டு மரத்தை விளக்க முற்படுவதை ஒக்கும்.

உள்ளூர் உற்பத்தி நிலையம் ஒன்று ஊரை வாழ்விக்கிறது என்பது பொருளியல் நூல்கள் பொதுவாகக் கூறும் முடிபாகும். அம்முடிபு பசறைக்கு எவ்வளவு தூரம் பொருந்துகின்றது? ஊருக்குள் நிற்கும் தொழிற்சாலை ஊருக்கு உரிய தொழிற்சாலை ஆகுமா? இவ்வினாக்களை வரலாற்றுப் பின்னணியில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பியிலிருந்து தேயிலைக்கு

தேயிலை வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே ஊவாவிலே சிங்களக் கிராமங்கள் இருந்தன. வயலும் சேனையும் அவற்றின் வாழ்வுக்கு ஆதாரமாயிருந்தன. 1817-18ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியும் அது கொடூரமாக அடக்கப்பட்ட முறையும் இக்கிராமங்களை நலிவுறச் செய்தன. பின்னர் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டு நிலங்களையும் சேனை நிலங்களையும் அரசுக்கு உரியனவாகக் கொண்டது. அந்நிலங்களிலேயே கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. எனவே தோட்டத்தின் தோற்றம் சிங்கள விவசாயியின் இழப்பிலும், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளியின் உழைப்பிலும் ஒருங்கே வேரூன்றியது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

கோப்பி, ஊரை உருவாக்கும் பயிராக இருக்கவில்லை. அறுவடைக் காலத்தில் தொழிலாளர் பெருந்தொகையாக வந்தனர். அறுவடை முடிந்ததும் அவர்களிற் பெரும்பாலோர் தமிழகம் திரும்பினர். தோட்டத்திலே கோப்பிப் பழத்தின் தோல் நீக்கப்பட்டுக் கொட்டை உலர்த்தப்பட்டது. எஞ்சிய வேலைகள் கொழும்பிலிருந்த ஆலைகளிலேயே நடைபெற்றன. பருவந்தோறும் வந்து மீளும் மக்களை நம்பி நிலையான கடைத்தெரு வளர்வது அரிதன்றோ?

கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாக 1869ஆம் ஆண்டிலே, பசறைக்கு அயலிலுள்ள மடுல்சீமைப் பகுதியிலேயே இனங்காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1867இல், கண்டிப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக நோக்கிற் பயிரிட்டிருந்த தேயிலை அவ்விடத்தை நிரப்பியது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் ஆரம்பமாயிற்று. 1886இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் எட்டியது. மாட்டுவண்டியை நம்பியிருந்த ஊவாத் தோட்டங்கள் இவ்வாறு துறைமுகத்தோடு இணைக்கப்பட்டன.

தொழிற்சாலை ஏன் மலைக்கு வந்தது?

காலனித்துவப் பொருளாதாரத்தின் பொதுவிதி, மூலப்பொருளைக் குடியேற்ற நாட்டிலே பெறுவதும் அதனை உற்பத்திப் பொருளாக ஆளும் நாட்டிலே மாற்றுவதுமாகும். இலங்கை இறப்பரும் இந்தியப் பருத்தியும் இவ்விதிக்குத் தக்க சான்றுகள். தேயிலை மட்டும் இவ்விதிக்கு விலக்காயிற்று. அதற்குக் காரணம் ஆட்சியாளரின் கருணையன்று, கொழுந்தின் இயல்பேயாம்.

பறித்த கொழுந்து சில மணி நேரத்துள் தொழிற்சாலையைச் சேர்தல் வேண்டும். சூடேறிக் கன்றிய கொழுந்திலிருந்து நல்ல தேயிலை கிடைக்காது. மேல்மாடிகளிலே கொழுந்து பரப்பப்பட்டு ஏறத்தாழ அரைநாட் பொழுதுக்கு மேலாக வாட்டப்படுகின்றது. பின்னர் உருளைப் பொறியில் அரைபட்டு, சாறு காற்றோடு கலந்து நிறமாறும்வரை வைக்கப்பட்டு, அடுப்பிற் காய்ந்து, சல்லடையில் தரம் பிரிகின்றது. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலையே எஞ்சுகின்றது. இத்துணைப் பாரமான, இத்துணை விரைவிற் கெடும் பொருளைக் கொழும்புக்கோ இலண்டனுக்கோ கொண்டுசெல்ல இயலாது. ஆகவே தொழிற்சாலை கொழுந்தைத் தேடி மலைக்கு வந்தது.

வரிசை வரிசையான சாளரங்களைக் கொண்ட அப்பல மாடிக் கட்டடத்தைத் தோட்ட மக்கள் இன்றும் ‘ஸ்டோர்’ என்றே வழங்குவர். யூலை முதல் செப்தெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்று ஊவாத் தேயிலைக்கு அளிக்கும் தனிமணம் உலகச் சந்தையிற் பெயர் பெற்றது. அக்காற்றையும் ஏற்றுமதி செய்ய இயலாது. எனவே தொழிற்சாலையை மலையிலே நிறுத்தியதில் இயற்கைக்கும் பங்குண்டு எனலாம்.

தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை பறிக்கப்பட வேண்டியது. எனவே தொழிலாளரும் ஆண்டு முழுவதும் வேண்டப்பட்டனர். வந்து மீண்ட கூட்டம் லயங்களிலே நிலைத்த குடியாயிற்று. நிலைத்த குடிக்கு உப்பும் புளியும், சேலையும் வேட்டியும், திருவிழாவும் கலியாணமும் வேண்டும். பதுளை, லுணுகலை, நமுனுகலை, மடுல்சீமை ஆகிய திசைகளை இணைக்கும் பசறையிலே கடைகள் பெருகியதன் அடிப்படைக் காரணம் இதுவேயாகும்.

கடைத்தெருவுக்கு வந்த பணம்

தொழிற்சாலை ஈட்டிய செல்வம் முழுவதும் பசறைக்கு வந்ததா? இல்லை என்பதே வரலாறு தரும் விடையாகும்.

பொறிகள் பிரித்தானியாவிலிருந்தும், 1854இல் கண்டியிலே தொடங்கப்பட்டுப் பின்னர் கொழும்பிலே பெருகிய வாக்கர் போன்ற நிறுவனங்களிலிருந்தும் வந்தன. தேயிலைப் பெட்டிக்கான பலகைகூட ஒரு காலத்தில் ஜப்பானிலிருந்து இறக்குமதியாயிற்று. விலை கொழும்பிலும் இலண்டனிலும் நிர்ணயிக்கப்பட்டது. இலாபம் கம்பனிப் பங்காளரைச் சேர்ந்தது. கலத்தல், பொதியிடல், பெயரிடல் ஆகிய, மிகுந்த வருவாய் தரும் பிற்கட்ட வேலைகள் மலைக்கு வெளியிலேயே நிகழ்ந்தன. இயற்கை தடுத்த அளவுக்கே உற்பத்தி மலையிலே தங்கியது. தடை நீங்கிய அக்கணமே அது மலையை விட்டு இறங்கியது.

பசறைக்கு எஞ்சியது கூலி மட்டுமே. அக்கூலியும் முழுமையாகக் கடைத்தெருவை அடைந்ததில்லை. தோட்ட நிருவாகமே அரிசியை வழங்கி அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. கங்காணியிடம் பட்ட கடன் தொழிலாளியைத் தொடர்ந்தது. அக்கடனைக் குறித்து அவரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றிய துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்ச வேதனம் 1927ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே வரையறுக்கப்பட்டது. இத்துணைக் கழிவுகளுக்கும் பின் எஞ்சிய சில நாணயங்களே சம்பள நாளன்று பசறையிற் புழங்கின.

அச்சிறு தொகையே ஒரு நகரை எழுப்பப் போதுமானதாயிருந்தது என்பதுதான் வியப்புக்குரியது. கடன் கொப்பியும் சம்பள நாளும் கடைத்தெருவின் நாட்காட்டியாயின. கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிய கொல்லனும், தோட்டத்துத் திருவிழாவுக்குச் சட்டை தைத்த தையற்காரனும், தொழிற்சாலை அடுப்புக்கு விறகு ஏற்றிய லொறிச் சாரதியும் அத்தொகையிற் பங்கு பெற்றனர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் அத்தெருவிலே ஒருவரை ஒருவர் சார்ந்து வாழ்ந்தனர். கொழுந்து குறைந்த மாதத்தில் மூவர் கல்லாவும் ஒன்றாகவே வெறுமையுற்றது. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தில் பதுளை நகரத்துத் தமிழ்க் கடைகள் எரிந்து சாம்பரானபோது அழிந்தது ஓரினத்தின் உடைமை மட்டுமன்று; அச்சார்பு வாழ்வின் மீதிருந்த நம்பிக்கையுமாகும்.

உடைமை மாறியது, உறவு மாறவில்லை

1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. அந்நியக் கம்பனி நீங்கினால் செல்வம் மலையிலே தங்கும் எனப் பலர் எண்ணினர். ஆயின் அக்காலத்திலேயே, 1973-74ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியில், தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே கிட்டியது. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றுள் இரண்டு, மடுல்சீமை என்றும் நமுனுகுல என்றும் நம்மூர் மலைகளின் பெயரையே தாங்கின. பெயர் மலைக்கு வந்தது. கணக்குப் புத்தகம் கொழும்பிலேயே இருந்தது.

இதற்கிடையே மற்றொரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. சிறுதேயிலைத் தோட்டங்கள் பெருகின. இன்று இலங்கைத் தேயிலையில் மிகப் பெரும் பங்கு, ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு, சிறு உடைமையாளரின் கொழுந்திலிருந்தே பெறப்படுகின்றது. அவர்கள் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கின்றனர். அரசு வகுத்த விதியின்படி, தேயிலை ஏலத்திற் பெறும் விலையில் பொதுவாக 68 வீதம் கொழுந்து தந்தவருக்கும் 32 வீதம் தொழிற்சாலைக்கும் உரியதாகும். விலை உயருங்கால் கொழுந்துக்காரரின் வருவாயும் உயர்கின்றது. அவ்வருவாய் அயற் கடைத்தெருவிலேயே செலவாகின்றது. வெறுமனே ஊருக்குள் நின்ற தொழிற்சாலை, ஊரவரோடு பங்கு கொள்ளும் தொழிற்சாலையாக மாறும் வழி இதுவே எனலாம்.

ஆயின் இவ்வழியில் மலையகத் தமிழனுக்கு இடமுண்டா? சிறு உடைமையாளன் ஆவதற்கு முதற்றேவை காணியாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. நாடற்றவருக்கு அரச காணி பகிர்ந்தளிக்கப்படவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டங்கள் 1986, 1988, 2003ஆம் ஆண்டுகள்வரை நீண்டன. வாக்குரிமை மீண்டபோது காணிப் பங்கீட்டின் பெரும்பகுதி முடிந்திருந்தது. அரசியல் வரலாறாக மட்டும் நாம் கற்கும் இச்சட்டம், 68 வீதத்துக்கு உரியவர் யார் என்பதையும் அன்றே தீர்மானித்துவிட்டது என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் கூடையிலிருந்து ஏறத்தாழ 4 கிலோ தேயிலை உருவாகின்றது. அக்கொழுந்து அவளுடைய காணியில் விளைந்ததாயின், செலவு போக, அதன் விலையிற் பெரும்பங்கு அவளுக்குரியது. அவள் கூலிக்காரியாயின் அவளுக்குரியது நாட்சம்பளமே. 2021இல் அச்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்த்தப்படுவதற்கே பல்லாண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. கை ஒன்றே, கொழுந்து ஒன்றே, தொழிற்சாலையும் ஒன்றே. வேறுபடுவது காலடியிலுள்ள மண் யாருக்குரியது என்பதேயாகும்.

முடிவுரை

தொழிற்சாலை பசறையை வாழ்வித்தது என்பதை மறுத்தற்கில்லை. 2021ஆம் ஆண்டின் இரசாயன உரத் தடையின் பின், 2022இல் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. முன்னைய ஆண்டில் அது 30 கோடிக்கு அண்மித்ததாயிருந்தது. தொழிற்சாலை தளர்ந்தால் கடைத்தெருவும் தளரும் என்பதை மலைநாட்டுச் சிறு நகரங்கள் அன்று மீண்டும் உணர்ந்தன. ஆகவே தொழிற்சாலைகள் மூடப்படுவதைக் கண்டு மகிழ்வார் எவருமிலர்.

ஆயினும், கூலி என்ற ஒற்றை வாய்க்காலால் மட்டும் ஊரை நனைக்கும் தொழிற்சாலை, ஊரை உயிரோடு வைத்திருக்குமேயன்றி வளரவிடாது. பறிப்பவருக்குக் காணியும், கொழுந்து விலையிற் பங்கும், பொதியிடல் போன்ற பிற்கட்ட வேலைகளிற் பங்கும் கிட்டும்போதே அது முழுப்பொருளில் உள்ளூர்த் தொழிற்சாலை ஆகும். வீட்டுக்கென வழங்கப்படும் நிலம் வரவேற்கத்தக்கதே. ஆயின் அது குடியிருக்கும் இடமே தவிர உழைத்து உயரும் காணியன்று.

2005இல் பதுளையிலே நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் இன்று தேயிலைத் தொழில்நுட்பம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. நூற்றைம்பது ஆண்டுகளாகக் கையால் அறிந்த கலையை அம்மக்களின் பிள்ளைகள் நூலாலும் அறியும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டுள்ளது. இவ்வரிகளை எழுதுபவனும் லயத்து அறையொன்றில், ஸ்டோரின் சங்கொலி கேட்டு விழித்தெழுந்து வளர்ந்தவனே. அச்சங்கொலி என் தாயை வேலைக்கு அழைத்தது. என்னைப் பாடசாலைக்கு அனுப்பிய பணமும் அதே தொழிற்சாலையிலிருந்துதான் வந்தது. அதற்கு நான் பட்ட நன்றி பெரிது. அந்நன்றியின் பொருட்டே, அத்தொழிற்சாலை என் தாய்க்கும் ஒரு நாள் உரியதாதல் வேண்டும் என விழைகின்றேன்.