பெயர் மாறியது, பிழைத்தது எது?

மாறினால்தான் அமைப்பு பிழைக்கும் என்கிறார்கள். சரி, பிழைப்பது எது?

1944 சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது; ஆங்கில அரசு தந்த பட்டங்களை விடச் சொன்னது தீர்மானம். பழைய பெயரோடு நின்றவர்களுக்கு 1952 தேர்தலில் தேறியது ஒரே இடம். அத்தோடு சரி.

1949இல் பிரிந்த தி.மு.க. 1956இல் தேர்தலுக்கு ஒப்பியது. 1963இல் பிரிவினைத் தடைச் சட்டத் திருத்தம் வந்தது; திராவிட நாடு கோரிக்கை போனது. 1967இல் கோட்டை கிடைத்தது. தேர்தலில் நிற்காத தி.க.வும் செத்துப்போகவில்லையே!

ஆக, மாறியதும் பிழைத்தது, மாறாததும் பிழைத்தது. 1944இல் விட்டது பட்டம், அதுவும் தானாக. 1963இல் விட்டது கோரிக்கை, அதுவும் சட்டம் மிரட்டி. இரண்டையும் ‘மாற்றம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது வரலாறு ஆகாது. எதை விட்டாய், யார் சொல்லி விட்டாய்னு கேட்கணும்.