விழிப்புலனற்ற மாணவரும் இணையவழிக் கற்கையும்

2020 மார்ச்சில் கொவிட் பெருந்தொற்றினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு, விரிவுரைகள் இணையத்திற்கு மாறின. இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பான ‘லேர்ன்’ ஊடாக ஸூம் வசதி வழங்கப்பட்டது. தரவுக் கட்டணச் சலுகையும் கிடைத்தது. எனினும், வன்னியின் விழிப்புலனற்ற மாணவருக்கு இணைப்பு மட்டுமே பிரச்சினையாக இருக்கவில்லை.

இம்மாணவர்கள் பெரும்பாலும் நாடுவது கலைப்பீடத்தையே. கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள். 2021 ஆகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியா வளாகமும் கலைப்பீடத்துடன் தொடங்கவில்லை. ஆகவே கலை பயில விரும்புபவர் வன்னியை விட்டு வெளியேறவே வேண்டும். விடுதியில் சக மாணவர் குறிப்புகளை வாசித்துக் காட்டுவர். வீடு திரும்பியதும் முதலில் அற்றுப்போனது அந்தக் குரல்தான்.

அதன் இடத்தை நிரப்பக்கூடியது திரைவாசிப்பான் மென்பொருள். அவுஸ்திரேலியாவின் மைக்கல் கரன், தாமும் பார்வையற்றவர், 2006இல் ‘என்விடிஏ’யை உருவாக்கத் தொடங்கினார். அது இலவசம், தமிழும் வாசிக்கும். ஆனால் எழுத்து எழுத்தாக இருந்தால் மட்டுமே வாசிக்கும். கையேட்டை ஒளிப்படமாக எடுத்து அனுப்பினால் அதற்கு அது வெறும் படம். ஸூமில் விரிவுரையாளர் பகிரும் திரையும் அவ்வாறே. “இங்கே பாருங்கள்” என்று அவர் சுட்டும்போது எங்கே என்பது இம்மாணவருக்குத் தெரியாது. விரிவுரையாளரின் குரலும் மென்பொருளின் குரலும் ஒரே காதில் மோதுவது இன்னொரு தொல்லை.

இவற்றினும் வினோதமானது நமது எழுத்துருச் சிக்கல். இங்கு நெடுங்காலம் புழங்கிவரும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பது. அதில் தட்டெழுதிய ‘அம்மா’வைத் திரைவாசிப்பான் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்றே காண்கிறது. கண்ணுள்ளவர் குறையேதும் காணார். பக்கம் அழகாகவே தெரியும். நூறு பக்கக் கையேடு கையில் இருந்தும் ஒரு சொல்கூடக் கேட்காத நிலை இவ்வாறே ஏற்படுகிறது. ஒருங்குறியில் எழுதப்பட்ட அதே கையேடு தங்குதடையின்றி ஒலிக்கும்.

சட்டம் இதில் பின்தங்கியிருக்கவில்லை. அங்கவீனமுற்றோர் உரிமைகள் பற்றிய 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனத்தில் அனுமதி பெறுவதில் அங்கவீனம் காரணமாகப் பாரபட்சம் காட்டப்படலாகாது என்கிறது. நூல்களைப் பார்வையற்றோர் வாசிக்கும் வடிவிற்கு மாற்றப் பதிப்புரிமை தடையாகக் கூடாதெனக் கூறும் மரகேஷ் உடன்படிக்கையிலும் இலங்கை 2016இல் இணைந்தது. ஆனால் அனுமதி பெற்றபின் கைக்கு வரும் கையேடு எந்த எழுத்துருவில் இருக்கவேண்டும் என்பதைத் துறைகளே தீர்மானிக்கின்றன. பாமினியை ஒருங்குறியாக்கும் செயலிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. பழைய கையேடொன்றை மாற்றிப் பிழை பார்க்க ஒரு விரிவுரையாளருக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.