நார்விக்கிலிருந்து பூடோவுக்கு ஏன் ரயில் இல்லை?

இன்னிக்கு ஒரு மேப்லருந்து ஆரம்பிக்கலாம். கையில போன் இருந்தா நார்வேயோட ரயில் மேப்பைத் திறந்து வச்சுக்கோங்க. தெற்கே ஓஸ்லோவிலிருந்து ஒரு கோடு ட்ரான்ட்ஹெய்முக்குப் போகும். அங்கிருந்து வடக்கே ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி பூடோங்கிற துறைமுக ஊரில் போய் நின்னுடும். அதுக்கும் மேலே கொஞ்சம் வடக்கே பாருங்க, நார்விக்னு இன்னொரு ஊர் இருக்கு. அங்கேயும் ஸ்டேஷன் உண்டு. ஆனா அந்த ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் தண்டவாளம் நேரா கிழக்கே ஸ்வீடனுக்குள்ள போயிடும். நார்விக் ஒரு நார்வே நகரம், ஆனா நார்வேயின் தலைநகரிலிருந்து ரயிலில் அங்கே போகணும்னா ஸ்வீடன் வழியாத்தான் போகணும்!

ஸ்காண்டிநேவியாவில் ரயில் பாஸை வச்சுக்கிட்டு சுத்துற எல்லாரும் இந்த இடைவெளியில் ஒரு தடவை மாட்டியிருப்பாங்க. நானும் மாட்டினேன். ஸ்டாக்ஹோமில் இரவு ரயில் ஏறி, மறுநாள் நார்விக்கில் இறங்கி, அடுத்து பூடோ போகலாம்னு பார்த்தா, நார்விக்கிலிருந்து ஃபௌஸ்கே வரைக்கும் சுமார் 240 கிலோமீட்டர் பஸ்தான். நடுவில் ஒரு இடத்தில் பஸ்ஸே படகில் ஏறி ஒரு ஃபியோர்டைத் தாண்டும். இன்ஜினியர் மூளை சும்மா இருக்குமா? ரெண்டு பக்கமும் லைன் இருக்கு, நடுவில் மட்டும் ஏன் இல்லைன்னு தோண்ட ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட்.

அதுக்கு முன்னாடி வேற ஒரு கேள்வி. உலகத்திலேயே ரொம்பச் செலவாகிற நாடுகள்ல, கையில காசில்லாத இருபது வயசுப் பசங்க ஒரு மாசம் எப்படிச் சுத்த முடிஞ்சது? முதல் பாதி பதில் படுக்கை. அதோட கதை ஜெர்மனியில் தொடங்குது.

1909 ஆகஸ்ட் 26. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பல நாள் நடைப்பயணம் போயிருந்தார். வழியில் பயங்கரமான இடிமழை. ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள், அங்கிருந்த விவசாயி ஒருவர் படுக்க வைக்கோல் கொடுத்தார். பசங்க தூங்கிட்டாங்க, வாத்தியாருக்குத் தூக்கம் வரலை. விடுமுறையில் பள்ளிக்கூடங்கள் காலியாகத்தானே கிடக்கின்றன, ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒன்று என்று அவற்றையே தங்குமிடமாக மாற்றினால் என்ன என்று அந்த ராத்திரி அவருக்குத் தோன்றியது. சில ஆண்டுகளிலேயே அல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டைக்குள் நிரந்தர யூத் ஹாஸ்டல் வந்துவிட்டது. 1932-ல் ஆம்ஸ்டர்டாமில் சர்வதேச யூத் ஹாஸ்டல் கூட்டமைப்பு பிறந்தபோது இவர்தான் தலைவர். அடுத்த வருஷமே ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஜெர்மன் ஹாஸ்டல்களை நாஜி இளைஞர் அமைப்பின் கைக்குக் கொண்டுபோனார். 1936-ல் ஷிர்மானைத் தலைவர் பதவியிலிருந்தும் விலக வைத்தார்கள்.

ஆனால் யோசனை அதுக்குள்ள எல்லை தாண்டிடுச்சு. 1930-லேயே டென்மார்க்கிலும் நார்வேயிலும் ஹாஸ்டல் சங்கங்கள் தொடங்கிவிட்டன. ஸ்வீடனில் 1885-லிருந்தே ஒரு சுற்றுலாச் சங்கம் இருந்தது, அதுவும் 1930-களில் ஹாஸ்டல் நடத்த இறங்கியது. 1938-ல் ஸ்வீடன் அரசு தொழிலாளிகளுக்கு வருஷத்துக்கு 2 வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் போட்டது. இதை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். லீவும் இல்லை, சம்பளமும் இல்லைன்னா எந்த ஹாஸ்டலும் நிரம்பாது.

ஸ்டாக்ஹோம் போனீங்கன்னா தண்ணியில ஒரு வெள்ளைக் கப்பல் நிக்கும், மூணு பாய்மரத்தோட. பேரு ஆஃப் சாப்மன். 1888-ல் இங்கிலாந்தில் கட்டிய சரக்குக் கப்பல் அது. அப்புறம் ஸ்வீடன் கடற்படையின் பயிற்சிக் கப்பலாக இருந்து, 1949-ல் ஹாஸ்டலாக மாறியது. நகரத்தின் நடுவில், அரண்மனையைப் பார்த்த மாதிரி, பங்க் படுக்கை! இப்பவும் ஸ்காண்டிநேவிய ஹாஸ்டல் பலதில் பெட்ஷீட்டுக்குத் தனிக் காசு. சொந்தமா கொண்டுபோனா மிச்சம். பொதுச் சமையலறையில் நாமே சமைச்சுக்கலாம், பாத்திரமும் நாமே கழுவணும். விருந்தாளி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதுங்கிறது ஆரம்ப கால ஹாஸ்டல் இயக்கத்தோட கொள்கையே, விலை குறைவா இருக்க அதுவும் ஒரு காரணம்.

மீதிப் பாதி டிக்கெட். 1972-ல் சர்வதேச ரயில்வே ஒன்றியத்துக்கு 50 வயசு. அதைக் கொண்டாட இன்டர்ரெயில் என்று ஒரு பாஸ் போட்டார்கள். 21 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு, 21 நாடுகள், ஒரு மாசம், எத்தனை ரயில் வேணும்னாலும். பிரிட்டனில் அதன் விலை 27 பவுண்டு 50 பென்ஸ். சொந்த நாட்டுக்குள் மட்டும் பாதிக் கட்டணம் கட்டணும். அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் திட்டமே. முதல் வருஷமே 80,000-க்கும் மேல் விற்றதால் நிறுத்தவில்லை. வயசு வரம்பை 1976-ல் 23, 1979-ல் 26 என்று ஏற்றிக்கொண்டே போய், 1998-ல் எடுத்தே விட்டார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே வசிக்கும் நமக்கெல்லாம் இன்டர்ரெயில் கிடையாது, 1959-லிருந்து இருக்கிற யூரெயில்தான்.

இதை அன்லிமிடெட் டேட்டா ப்ளான் மாதிரி நினைச்சுக்கோங்க. ப்ளான் வாங்கினவன் என்ன செய்வான்? உறிஞ்சி எடுப்பான்! ரயிலே ஹாஸ்டல் ஆச்சு. ராத்திரி ஏறினா ஒரு ராத்திரி வாடகை மிச்சம், அதனால எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. ஐரோப்பாவில் தூரம்னா வடக்குதான். ஜெர்மனியின் புட்கார்டனில் ரயில் அப்படியே கப்பலுக்குள்ள ஏறி டென்மார்க்கில் இறங்கும், 2019 டிசம்பர் வரைக்கும் அந்தக் கப்பல் ரயில் ஓடியது. அங்கிருந்து கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், கிருனா, கடைசியா நார்விக். பேக்பேக் போட்ட ஒரு தலைமுறை அந்த லைனில் நள்ளிரவுச் சூரியனைப் பார்க்கப் போனது.

அந்த லைன் டூரிஸ்டுக்காகப் போட்டது இல்லை. கிருனாவில் இரும்புத் தாது இருக்கு. ஸ்வீடன் பக்கத்து லூலியோ துறைமுகம் குளிர்காலத்தில் உறைந்துபோகும். நார்விக் எவ்வளவோ வடக்கே இருந்தாலும், அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தால் உறையாது. அதனால்தான் சாமி மக்கள் கலைமான் மேய்த்த மலைகளைக் குடைந்து நார்விக் வரை பாதை போட்டு, 1903-ல் மன்னர் இரண்டாம் ஆஸ்கர் திறந்துவைத்தார். 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தபோது நார்விக் முதல் நாளே குறிவைக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. காரணம் அதே இரும்பு.

இப்போ அந்த இடைவெளிக்கு வருவோம். ட்ரான்ட்ஹெய்மிலிருந்து வடக்கே போகும் நூர்லான்ட் லைனை நார்வே பல வருஷமா மெதுவா கட்டிக்கொண்டிருந்தது. ஜெர்மன் படை வந்தபோது அது மூஷோயன் ஊரை நெருங்கியிருந்தது. கடல் வழியில் பிரிட்டிஷ் கப்பல்கள் தொல்லை. அதனால் ரயிலை நார்விக் வரைக்கும், முடிந்தால் அதற்கும் மேலே கொண்டுபோக வேண்டும் என்பது ஹிட்லரின் உத்தரவு. நிலம் பாறை, குளிர்காலத்தில் சூரியனே சரியாக எழும்பாத ஊர்கள். வேலைக்கு யாரைக் கொண்டுவந்தார்கள்? போர்க் கைதிகளை.

போர்க்காலத்தில் சுமார் 1 லட்சம் சோவியத் கைதிகள் நார்வேக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் அங்கேயே செத்தார்கள். பசி, குளிர், நோய், அடி, துப்பாக்கி. யூகோஸ்லாவியக் கைதிகளைப் பெரும்பாலும் சாலை வேலையில் போட்டார்கள். ரொங்னான் ஊரிலிருந்து போத்தன் வரைக்கும் அவர்கள் வெட்டிய சாலைக்கு ரத்தச் சாலை என்றே பெயர். அங்கே சுடப்பட்டு இறந்த ஒருவரின் ரத்தத்தால் அவருடைய சகோதரர் பாறையில் சிலுவை வரைந்தார், அதனால் வந்த பெயர்.

1945-ல் போர் முடிந்தபோது நார்விக் லைன் பாதியில் நின்றது. கைதிகள் தொடங்கிவைத்த பாதையில் நார்வே தன் வேலையைத் தொடர்ந்தது. ஃபௌஸ்கே வரைக்கும் 1958-ல் ரயில் வந்தது, பூடோவுக்கு 1962-ல். ஃபௌஸ்கேயிலிருந்து நார்விக் வரைக்கும் போட நினைத்த பகுதியை யாருமே முடிக்கவில்லை. நீங்க பஸ் மாறுற இடம் அதுதான்.

எனக்கு ரொம்ப உறுத்துனது அதுக்கப்புறம் நடந்தது. செத்த சோவியத் கைதிகளை வட நார்வே முழுக்க முகாம்களின் பக்கத்தில் புதைத்திருந்தார்கள். கூட இருந்த கைதிகளே பல இடங்களில் நினைவுத்தூண் கட்டினார்கள். 1951-ல் பனிப்போர் சூடு பிடித்திருந்தது. கல்லறைக்கு அஞ்சலி செலுத்துகிறோம் என்ற சாக்கில் சோவியத் ஆட்கள் வந்து உளவு பார்த்துவிடுவார்களோ என்று நார்வே அரசுக்குப் பயம். கல்லறைகளைத் தோண்டி, எலும்புகளை ஷொட்டா என்ற தீவுக்கு மாற்றச் சொன்னார்கள். தார் பூசிய பைகளில் எடுத்துப் போனதால் அதற்கு ஆபரேஷன் அஸ்ஃபால்ட் என்று பெயர். பல நினைவுத்தூண்களையும் இடித்தார்கள். மோ இ ரானாவில் உள்ளூர் மக்களே எதிர்த்து நின்றார்கள். பக்கத்து முகாமில் பட்டினி கிடந்தவர்களை நேரில் பார்த்த ஜனங்கள் அவர்கள். இன்று ஷொட்டாவில் 7,500-க்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். அங்கே புதைத்தபோது பெரும்பாலானவர்களின் பெயரே யாருக்கும் தெரியாது. அந்தப் பெயர்களைக் காப்பகங்களில் தேடி ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வேலை இந்த நூற்றாண்டில்தான் சூடு பிடித்தது.

ரயில்வே என்ன செய்தது? 2015-ல் பியோர்ன் வெஸ்ட்லி என்ற நார்வே எழுத்தாளர் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். ஆக்கிரமிப்புக் காலத்தில் லைன் வேலையில் நார்வே அரசு ரயில்வே எவ்வளவு தூரம் ஒத்துழைத்தது, பிறகு தன் வரலாற்றில் அந்தக் கைதிகளை எப்படிக் காணாமல் ஆக்கியது என்பதுதான் அதன் கேள்வி. போர் முடிந்து 70 வருஷம் கழித்து!

போறவங்களுக்கு ஒரு தகவல். ட்ரான்ட்ஹெய்ம்–பூடோ ரயில் மோ இ ரானா தாண்டினதும் மரங்கள் குறைஞ்சு மலைச்சமவெளி வரும். அதுதான் சால்ட்ஃபியெல்லெட், ஆர்க்டிக் வட்டம் அங்கேதான். எல்லாரும் போனை எடுத்துக்கிட்டு ஜன்னல் பக்கம் வருவாங்க. நீங்களும் எடுங்க, தப்பில்லை. அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்தில் ரொங்னான் ஸ்டேஷன் வரும், இறங்கிடுங்க. ரத்தச் சாலை மியூசியம் அந்த ஊரில்தான் இருக்கு. உங்க பாஸ்ல அடுத்த ரயிலுக்குத் தனியா டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.