கூலியும் கஞ்சியும் சீனம் சென்ற கதை

கொல்லிமலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். சேர்வராயன், பச்சைமலை, கல்வராயன், சவ்வாது மலைகளில் வாழும் அவர்தம் உறவினருக்கும் அதுவே பெயர். அவர்களுடைய தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் தம் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. மலையை ஆள்பவர் மலையாளி, அவ்வளவே பொருள். ஆனால் அந்த மலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்கு வந்து, ஒரு மாணவன் தன்னை மலையாளி என்று சொன்னால், 'சொந்த ஊர் கேரளத்தில் எங்கே?' என்ற கேள்விதான் முதலில் வரும். சொல் ஒன்றே, மலைமேல் ஒரு பொருள், மலையடியில் வேறொரு பொருள்.

சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் இருப்பதில்லை. எந்த ஊரில், யார் வாயில், யாரைக் குறித்து அது வழங்குகிறது என்பதிலும் இருக்கிறது. பிறமொழி கற்போர் இடறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகளைத் தேடினால், நாம் எதிர்பாராத திசையிலிருந்து சில கிடைக்கின்றன. சீனமொழி பேசுவோர் ஆங்கிலம் கற்கையில், தம் நாட்டுப் பொருள்களுக்குரிய ஆங்கிலச் சொற்கள் என்று சிலவற்றைப் பயில்கின்றனர். அவற்றின் வேரைத் தோண்டினால் நம் வீட்டு அடுப்படியும் களத்துமேடும் தெரிகின்றன.

சொற்கள் போன வழி

போர்ச்சுக்கீசியர் 1510-இல் கோவாவைக் கைப்பற்றினர். 1557-இல் சீனக் கடற்கரையில் மக்காவில் குடியேறினர். மலையாளக் கரையிலும் சோழமண்டலக் கரையிலும் அவர்கள் கேட்டுப் பழகிய சொற்கள் அவர்களுடைய கப்பல்களோடு மலாக்காவுக்கும் மக்காவுக்கும் சென்றன. பின்னர் வந்த ஆங்கிலேயர் அச்சொற்களை அவர்களிடமிருந்தும், சென்னை முதலிய தம் துறைமுகங்களிலிருந்தும் எடுத்துக்கொண்டனர். 1757 முதல் 1842 வரை மேனாட்டாருடனான கடல் வாணிகத்தைச் சீனப் பேரரசு கான்டன் துறைமுகத்தோடு நிறுத்தி வைத்திருந்தது. அங்கே வணிகர்களும் தரகர்களும் பேசிய கலப்பு ஆங்கிலத்தில் இச்சொற்கள் நிலைபெற்றன.

சீனர்களுக்காக எழுந்த தொடக்ககால ஆங்கிலச் சொற்சுவடிகளில், ஆங்கில ஒலிகளைச் சீன எழுத்துகளாலேயே குறித்துக் காட்டினர். நம்மூரில் முப்பது நாளில் ஆங்கிலம் கற்பிக்கும் நூல்கள் தமிழெழுத்தில் ஒலிப்பு எழுதிக் காட்டுவது போல. அவற்றினும் விரிவான முயற்சிகளும் வந்தன. இராபர்ட் மோரிசன் தொகுத்த சீன அகராதி 1815 முதல் 1823 வரை மக்காவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அச்சகத்தில் வெளிவந்தது. தாங் திங்ஷு என்ற சீனர், தம் மக்கள் ஆங்கிலம் பயில ஆறு தொகுதிகளில் ஒரு நூலை 1862-இல் கான்டனில் வெளியிட்டார். அதே 1862-இல்தான் வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி சென்னையில் வெளிவந்தது. இரு கரைகளிலும் ஒரே காலத்தில் ஒரே வகையான உழைப்பு நடந்திருக்கிறது.

கஞ்சி

அரிசியை நீர்விட்டுக் குழைய வேகவைத்த உணவைச் சீனர் 'ஜோ' என்பர். கான்டன் பகுதியினர் 'ஜுக்' என்பர். அதற்கு ஆங்கிலம் என்னவென்று கேட்டால், ஆங்காங்கில் வரும் விடை 'கான்ஜி'. உணவுக்கடைப் பலகைகளிலும் அதுவே. அது நம் கஞ்சிதான். கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஒர்த்தா 1563-இல் வெளியிட்ட மருந்து நூலிலேயே இச்சொல்லைப் பதிந்துள்ளார். போர்ச்சுக்கல்லில் இன்று கோழியும் அரிசியும் சேர்ந்த சாறு 'கான்ஜா' எனப்படுகிறது. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் இன்னொரு செய்தியையும் தருகிறது. இந்தியாவிலிருந்த படைப்பிரிவுகளின் காவலறைக்குக் 'கஞ்சி வீடு' என்று பெயராம். உள்ளே இருப்பவருக்குக் கிடைத்த உணவு அது.

இச்சொல்லைப் பயன்படுத்துவதிலும் நுட்பங்கள் உள்ளன. வட சீனர் கஞ்சியைக் 'குடிக்கின்றனர்'; கான்டன் பேச்சில் அதை 'உண்கின்றனர்'; ஆங்கிலத்திலும் அது உண்ணப்படுவது. எனவே பெய்ச்சிங் மாணவன் ஆங்கிலத்தில் எழுதும்போது வினையை மாற்ற வேண்டும். கஞ்சி குடித்தே பழகிய தமிழ் மாணவனுக்கும் அதே திருத்தம் தேவை. சிங்கப்பூரிலோ 'கான்ஜி' என்பதைவிடப் 'பாரிட்ஜ்' என்பதே பெருவழக்கு. இங்கிலாந்தில் அச்சொல் ஓட்சுக் கூழைக் குறிக்கும்.

நம் பக்கம் திரும்பினால் சிக்கல் இன்னும் கூடுகிறது. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த கொல்லிமலை போன்ற நிலத்தில் கஞ்சி வேறு, கூழ் வேறு, களி வேறு. நீரின் அளவும், கிண்டும் முறையும், உண்ணும் வேளையும் மாறுபடும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லைப் போட்டு மூன்றையும் மூடிவிட்டால், ஒரு வாழ்க்கை முறையையே மூடிவிட்டதாகும். சேலம், நாமக்கல் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபின் அம்மலையில் சிறுதானியப் பரப்பு பெரிதும் சுருங்கியது. தானியம் மறைந்தால், அதற்கான சொற்களும் தேய்வது இயல்பே.

காசும் கிடங்கும்

'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் கையிருப்புப் பணத்தைக் குறிப்பதை அறிவோம். அது பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் நடுவில் சதுரத் துளையிட்ட பழைய சீனச் செப்பு நாணயத்தையும் ஆங்கிலேயர் 'கேஷ்' என்றே எழுதினர். எழுத்து ஒன்று, சொல் வேறு. இந்த இரண்டாவது 'கேஷ்', போர்ச்சுக்கீசியர் வாயில் புகுந்து வந்த நம் 'காசு'. சென்னையில் கம்பெனியார் 1818 வரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்றே கணக்கு வைத்திருந்தனர். ஆங்கில அகராதியைத் திறக்கும் சீன மாணவன், தன் முன்னோர் கையாண்ட நாணயத்தைத் தமிழ்ப் பெயரால் அறிகிறான் என்பது வியப்புக்குரியது.

இந்தக் காசுக்கு முன்கதையும் உண்டு. 1077-இல் முதற் குலோத்துங்கன் காலத்தில் 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சீனம் சென்றது. அவர்கள் கொண்டுசென்ற பொருள்களுக்கு ஈடாக 81,800 கோவைச் செப்புக்காசுகள் வழங்கப்பட்டதாகச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. தஞ்சைப் பகுதியில் சீனக் காசுகள் புதையலாகவும் கிடைத்துள்ளன. பொருள் அங்கிருந்து இங்கு வந்தது. பெயர் சில நூற்றாண்டுகள் கழித்து இங்கிருந்து அங்கு சென்றது.

'கோடௌன்' என்பதன் பயணம் இன்னும் சுவையானது. தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி, மலாயில் கூடாங், அங்கிருந்து போர்ச்சுக்கீசியர் வழியே ஆங்கிலம் புகுந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். 1886-இல் ஆங்காங்கில் தோன்றிய புகழ்பெற்ற துறைமுக நிறுவனத்தின் பெயரிலேயே இச்சொல் இருந்தது. நாமோ கிடங்கை மறந்து 'குடோன்' என்று அதைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். விருந்துக்குப் போன நம் பிள்ளை வேற்றுடையில் திரும்பியபோது, அடையாளம் தெரியாமல் விருந்தாளி என்று வரவேற்ற கதை இது.

கூலி

மேற்கண்டவை சுவைக்காகச் சொல்லத்தக்கவை. அடுத்த சொல் அப்படியன்று.

திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619-ஆம் குறளில், 'கூலி' என்ற சொல் வருகிறது. ஊழ் கைவிட்டாலும் உடல் வருந்திய அளவுக்குரிய பயனை முயற்சி தந்தே தீரும் என்னுமிடத்தில் வள்ளுவர் அதை ஆள்கிறார். தமிழில் கூலி என்பது உழைப்பின் பயன், உழைத்தவனின் உரிமை. ஆளைக் குறிக்க வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்போம். ஆங்கிலத்தில் 'கூலி' என்பது ஆளாகவே ஆகிவிட்டது. ஊதியம் மறைந்தது, அதைப் பெற வேண்டியவன் அப்பெயரால் ஒரு சரக்கானான். இதன் வேர் குஜராத்தின் கோலி இனத்தாரின் பெயர் என்று சொல்வாரும் உளர். அப்பெயரும் தமிழ்ச் சொல்லும் ஒன்றோடொன்று கலந்திருக்க வேண்டும் என்ற கருத்தும் உண்டு. எதுவாயினும், தென்னிந்தியத் துறைமுகங்களில் கப்பலேறியவர்களின் மேல் ஒட்டப்பட்ட முத்திரை அது.

இச்சொல் சீனம் சென்றபோது சீனர் அதை இரண்டு எழுத்துகளால் எழுதினர். 'கூ' என்றால் கசப்பு, துன்பம். 'லி' என்றால் வலிமை. ஒலிக்காகத் தேர்ந்த எழுத்துகளே பொருளையும் சொல்லிவிட்டன: கசந்த உழைப்பு. அதனால் இது சீனச் சொல்லே என்று நம்புவோரும் உளர். அது பிழை, ஆயினும் அந்த எழுத்துகளைத் தேர்ந்தவரின் உள்ளம் பிழைபடவில்லை. 1847 முதல் கியூபாவுக்கும் 1849 முதல் பெருவுக்கும் சீனர் ஒப்பந்தத்தின் பெயரால் கொண்டுசெல்லப்பட்டனர். கியூபா நிலையை ஆராயச் சீன அரசு 1874-இல் அனுப்பிய குழுவிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் அளித்தனர். தாங்கள் ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டதாகப் பெரும்பாலோர் கூறினர்.

தமிழர் கதை நாம் அறிந்ததே. மொரிஷியசு, இலங்கை, மலேயா, பிஜி என்று அது நீள்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'துருரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1904 முதல் 1910 வரை டிரான்சுவால் தங்கச் சுரங்கங்களுக்குச் சீனத் தொழிலாளர் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுவரப்பட்டனர். ஆக, தென்னாப்பிரிக்க மண்ணில் தமிழனும் சீனனும் ஒரே காலத்தில் ஒரே வசைப்பெயரால் அழைக்கப்பட்டனர். வழக்கறிஞரான காந்தியையும் 'கூலி பாரிஸ்டர்' என்றே அங்கே சொன்னார்கள்.

அந்த இழிவுக்கு விடையும் அங்கேயே எழுந்தது. பதிவுச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றவர்களுள் மொரிஷியசில் பிறந்த தம்பி நாயுடுவும், சீனர் சங்கத் தலைவர் லியுங் குவினும் இருந்தனர். 1908 சனவரியில் ஜோகன்னஸ்பர்க் சிறையிலிருந்து அரசுக்கு எழுதப்பட்ட மடலில் காந்தியோடு இவ்விருவரும் கையெழுத்திட்டனர். ஒரே சொல்லால் இழிக்கப்பட்டோர் ஒரே தாளில் தம் பெயர்களை எழுதினர்.

கற்பிப்போர் கடமை

தமிழ் மாணவன் 'கூலியாள்' என்பதை மொழிபெயர்க்கையில் எந்தக் குற்றவுணர்வுமின்றி 'கூலி' என்றே ஆங்கிலத்தில் எழுதக்கூடும். அவன் மொழியில் அது தூய சொல். ஆனால் தென்னாப்பிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் அது புண்ணைக் கீறும் சொல். சீன மாணவனுக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். 'இதற்கு இது பொருள்' என்று நிகர் காட்டும் அகராதி இந்த எச்சரிக்கையைத் தருவதில்லை. யார் யாரை அப்படி அழைத்தார், எங்கே, எப்போது என்று சொல்லும் ஆசிரியரே தர முடியும்.

அதே வேளையில், பிறர் கறைப்படுத்தினர் என்பதற்காக நாம் நம் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. கொல்லிமலையில் மிளகு பறிக்கவும் களையெடுக்கவும் போகும் பெண் மாலையில் கூலி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறாள். அவள் கையில் இருப்பது வள்ளுவர் சொன்ன கூலி. கப்பல் முதலாளிகள் சொன்னதன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அறிந்தபின் மாணவன் ஆங்கிலமும் கற்கட்டும், தமிழும் கற்கட்டும்.