காஞ்சியில் இல்லாத சரத்காலம்

மகாகாவியத்தில் வர்ணிக்கப்பட வேண்டியவற்றைத் தண்டி ‘காவியாதர்ச’த்தில் பட்டியலிடுகிறார்: நகரம், கடல், மலை, பருவங்கள், சந்திர சூரியர்களின் உதயம். 7ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பல்லவர் காஞ்சியில் வாழ்ந்தவர் அவர். பின்னர் இந்நூலைத் தழுவித் தமிழில் ‘தண்டியலங்காரம்’ எழுதப்பட்டபோது பருவ வர்ணனை தமிழ்ப் பெருங்காப்பியத்துக்கும் விதியாயிற்று. விதியான பின் ஒரு புலனனுபவம் அனுபவமாக எஞ்சுகிறதா என்பதே நம் கேள்வி.

சமஸ்கிருதக் கவிகள் விரும்பிப் பாடிய பருவம் சரத். மழை ஓய்ந்து வானம் வெளுக்கும்; நாணல் பூக்கும்; நீர் தெளியும்; அன்னங்கள் திரும்பி வரும். பாரவியின் ‘கிராதார்ஜுனீய’த்தில் நான்காம் சருக்கம் முழுதும் இதுதான். அர்ஜுனன் இமயம் செல்லும் வழியில் நெல் முற்றியிருக்கிறது, கிளிகள் கதிர் கவ்விப் பறக்கின்றன. தண்டியின் கொள்ளுத்தாத்தா தாமோதரன் இந்தப் பாரவியோடு பழகியவர், பின்பு சிம்மவிஷ்ணுவின் ஆதரவில் காஞ்சிக்கு வந்தவர் என்கிறது தண்டியின் பெயரால் வழங்கும் ‘அவந்திசுந்தரீ கதை’. வடக்கின் சரத் காஞ்சிக்கு வந்தது இப்படி, ஏட்டு வழியாக.

காஞ்சியின் ஐப்பசியோ வேறு. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் இறங்குகிறது. சம்பா இன்னும் பச்சையாக நிற்கும். அறுப்புக்குத் தை பிறக்க வேண்டும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்துக் காயவைக்க நெசவாளிக்கு வெயில் வேண்டும். அடைமழையில் அது நடக்காது. குழித்தறியின் குழியில் ஈரம் ஊறும். ஊறிய மண்சுவரின் மணமும், மேலெழ மாட்டாமல் கூரையிலேயே தங்கும் அடுப்புப் புகையும், கதவிடுக்கில் நுழையும் வாடையும்தான் இவ்வூரின் ஐப்பசி. இதற்குத் தமிழில் கூதிர் என்று பெயர். தொல்காப்பியம் இதைக் குறிஞ்சிக்குரிய பொழுதாக வகுத்தது.

அதுவும் ஒரு விதிதானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் நக்கீரரின் ‘நெடுநல்வாடை’ அந்த விதியோடு நின்றுவிடவில்லை. சூரியன் தெரியாத நாளில் பெண்கள் அரும்பு மலர்வதைக் கொண்டு மாலையை அறிகிறார்கள். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. விசிறியில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. குளிர்ந்த நீரைத் தேடுவார் இல்லை. இன்பம் இங்கே நெருப்பருகிலும் தாழிட்ட அறையிலும் இருக்கிறது. அவ்வளவும் தலைவன் இல்லாத வீட்டில் வேதனையாக மாறுகிறது. கண்ணும் தோலும் அறிந்ததை எழுதியவர் நக்கீரர்.

தண்டியும் அறியாதவர் அல்லர். பகைவர் படையெடுப்பும் பஞ்சமும் காஞ்சியைச் சூறையாட, அவர் ஊரை விட்டு அலைந்து, அமைதி திரும்பிய பின் வந்து சேர்ந்ததாக அதே ‘அவந்திசுந்தரீ கதை’ சொல்கிறது. ஆனால் ‘காவியாதர்ச’த்துள் காஞ்சி வருவது ஒரு விடுகதையாக: நடுவே மூக்கொலி கொண்ட நகரம், எட்டெழுத்துப் பெயருடைய அரசர். பிறந்த ஊர் எழுத்துகளாகச் சுருங்கிவிட்டது. இலக்கணம் செய்யக்கூடியது அவ்வளவுதான். அதைக் கவிதையென்று கொண்டது பின்வந்தவர்களின் பிழை.

இந்தப் பிழை நம்மிடமும் தொடர்கிறது. சரத் போய் ‘இலையுதிர்காலம்’ வந்திருக்கிறது. இங்கே வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது மாசியை ஒட்டி; நம் புதுக்கவிதையிலோ ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் மரங்கள் உதிர்கின்றன. 1819 செப்டம்பரில் கீட்ஸ் வின்செஸ்டர் அருகே அறுவடை முடிந்த வயல்களினூடே நடந்து, கண்டதை எழுதினார். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நடை, இலைகளை அல்ல. காஞ்சியில் ஐப்பசியில் நடப்பவன் கால் சேற்றில் புதையும். அங்கிருந்துதான் அவன் தொடங்க முடியும்.