எண்ணெய் போட்டும் ஏன் துருப்பிடிக்குது? ஜவ்வாது மலைத் துப்பாக்கிகளின் கதை

துப்பாக்கியோட வரலாறுன்னு சொன்னதும் நாம நேரா போருக்குப் போயிடுவோம், இல்லேன்னா வேட்டைக்கு. சுட்டு முடிச்சு, துப்பாக்கியை மூலையில சாத்தி வெச்சதுக்கு அப்புறம் அந்தக் குழலுக்குள்ள என்ன நடக்குதுன்னு யாரும் பேசுறதில்லை. அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. இந்த எபிசோட் அதைப் பத்தினதுதான்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர்னு மூணு மாவட்டத்துலயும் பரவிக் கிடக்குது ஜவ்வாது மலை. காவலூர் வானியல் ஆய்வகம் இருக்குறதால சிலருக்கு இந்தப் பேர் பழக்கமா இருக்கும். அங்க வாழ்றவங்க பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்து மலையாளிங்க இல்லை, மலையில வாழ்றதால வந்த பேர் அது. சாமை, தேன், கடுக்காய், புளி இதெல்லாம்தான் பிழைப்பு. சாமைக் கதிர் முத்துற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு ராத்திரியில ஒரு வயலை உழுது போட்டுட்டுப் போயிடும். பரண் போட்டுக் காவல் காக்குறவங்க கையில பல தலைமுறையா இருந்தது நாட்டுத் துப்பாக்கி. போலீஸ் பாஷையில எஸ்.பி.எம்.எல். ஒற்றைக் குழல், வாய்வழியா மருந்து கெட்டிக்கிற ரகம்.

இந்த மலையிலயும் சரி, கல்வராயன் மலையிலயும் சரி, போலீஸ் அவ்வப்போது ஒரு அறிவிப்பு கொடுக்கும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைத் தாங்களா கொண்டுவந்து கொடுத்தா வழக்கு இல்லைன்னு. அடுத்த சில நாள்ல பத்திரிகையில ஒரு படம் வரும். தரையில வரிசையா துப்பாக்கிகள். அடுத்த தடவை அந்தப் படம் வந்தா, எத்தனை துப்பாக்கின்னு எண்ணுறதுக்கு முன்னாடி குழலோட நிறத்தைப் பாருங்க. செங்காவி. அந்தத் துரு எப்படி வந்துச்சு?

மழையும் பனியும்னு சொல்லிட்டு நகர்ந்துடலாம். ஆனா மழை பாதிக் காரணம்தான். மீதி, மருந்துலயே இருக்கு.

கருமருந்துல மூணு பொருள். வெடியுப்பு, கரி, கந்தகம். நூத்துக்கு 75, 15, 10ங்கிறது ஐரோப்பாவுல நிலைச்ச அளவு. இதைக் கொளுத்துனா எல்லாமே புகையாப் போயிடும்னுதான் நாம நினைப்போம். 1870கள்ல இங்கிலாந்துல ஆண்ட்ரூ நோபிள், பிரெடெரிக் ஏபெல்னு ரெண்டு பேர் மூடின இரும்புக் கலத்துக்குள்ள மருந்தை வெடிக்க வெச்சு அளந்து பார்த்தாங்க. எடையில பாதிக்கும் மேல வாயுவா மாறவே இல்லை. திடப்பொருளா மிஞ்சுது. பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடுன்னு உப்புகள். அதுல கார்பனேட் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக் குடிக்கும். மழைக்காலத்துல உப்பு ஜாடியில உப்பு கசியுறதைப் பார்த்திருப்பீங்களே, அதே கதைதான். ஒரு தடவை சுட்டுட்டு அப்படியே வெச்சா, குழலோட உள்சுவர்ல ஈர உப்புப் பூச்சு. இரும்புக்கு வேற எதிரி வேணுமா?

அதனால பழைய ஆளுங்க பண்ணின முதல் வேலை, எண்ணெய் போடுறது இல்லை. கழுவுறது. அதுவும் வெந்நீர்ல. உப்பைக் கரைக்கத் தண்ணியால முடியும், எண்ணெயால முடியாது. வெந்நீர்னா குழலே சூடாகி, மிச்ச ஈரமும் தானா காஞ்சிடும். அப்புறம் துணியால துடைச்சு, கடைசியா மெல்லிசா எண்ணெய். துருப்பிடிக்காம இருக்க இரும்பைத் தண்ணியில கழுவணும்கிறது கேட்கும்போது விசித்திரமாத்தான் இருக்கும்.

இதுக்கு ஒரு திருப்பம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியில புகையில்லாத மருந்து வந்துச்சு. நம்ம நீலகிரியில, அருவங்காட்டுல கார்டைட் தொழிற்சாலை தொடங்கினது 1903ல. இந்த மருந்து எரிஞ்சா கசடு ரொம்பக் குறைவு. சரி, இனிமே கழுவ வேண்டாம், எண்ணெய் போட்டாப் போதும்னு நினைச்சாங்க. துரு மட்டும் நிக்கலை. நல்லா எண்ணெய் போட்டு வெச்ச குழலும் மறுநாள் பார்த்தா சிவந்து கிடந்துச்சு. எண்ணெய் மேல பழி, மருந்து மேல பழின்னு பல வருஷம் போச்சு.

விடை கிடைச்சது 1922ல. அமெரிக்கச் சுரங்கத் துறையில இருந்த வில்பர்ட் ஹஃப்ங்கிறவர், எண்ணெய்ப் படலத்துக்கு அடியில துரு எப்படி வருதுன்னே ஒரு ஆய்வு வெளியிட்டார். குற்றவாளி மருந்து இல்லை, அதைப் பத்தவைக்கிற கேப்பு. அதுல பொட்டாசியம் குளோரேட் சேர்ப்பாங்க. அது வெடிச்சதும் பொட்டாசியம் குளோரைடு ஆகும், கிட்டத்தட்ட நம்ம சமையல் உப்போட தம்பி. அந்த உப்பு குழல்ல ஒட்டிக்கிட்டு, மேல எண்ணெய் போட்டாலும் அடியில தன் வேலையைப் பார்க்கும். .303 ரைபிள் காலத்துச் சிப்பாய்ங்க சுட்டு முடிச்சதும் குழலுக்குள்ள கொதிக்கிற தண்ணி ஊத்தினதுக்குக் காரணம் இதுதான். 1928ல ஜெர்மனியில குளோரேட் இல்லாத கேப்பு விற்பனைக்கு வந்துச்சு. இன்னைக்கு 12 போர் தோட்டா போடுற லைசென்ஸ்காரருக்கு வெந்நீர் தேவைப்படாம இருக்குன்னா, அதனாலதான். கருமருந்து போடுறவருக்கு இன்னமும் தேவை.

எண்ணெய்க்கும் ஒரு கதை உண்டு. ஆமணக்கோ தேங்காயோ, எந்தத் தாவர எண்ணெயும் நாளாக நாளாகக் காறிப்போகும், அமிலம் கூடும், சிலது பிசினா இறுகும். விசையும் குதிரையும் ஒட்டிக்கும். விக்டோரியா காலத்து வெள்ளைக்காரங்க இதுக்குக் கண்டுபிடிச்ச மாற்று ‘ரங்கூன் எண்ணெய்’. பர்மாவுல, யெனாங்யாங் பக்கம் கையாலே தோண்டின கிணறுகள்ல எடுத்த மண்ணெண்ணெய்ச் சரக்கு. அது காறாது, இறுகாது. பர்மா ஆயில் கம்பெனி 1886ல வர்றதுக்கு முன்னாடியே துப்பாக்கிக்காரங்க மத்தியில அது பிரபலம்.

சரி, முறையும் தெரியும், எண்ணெயும் இருக்கு. பிறகு ஏன் மலைத் துப்பாக்கி துருப்பிடிச்சுக் கிடக்குது? இங்கதான் சட்டம் வருது.

1878ல லிட்டன் பிரபு காலத்துல ஆயுதச் சட்டம். லைசென்ஸ் இல்லாம இந்தியர் துப்பாக்கி வெச்சுக்கக் கூடாது. ஐரோப்பியருக்கு விலக்கு. இது அன்னைக்கே பெரிய கோபத்தைக் கிளப்புச்சு. 1887ல சென்னையில நடந்த காங்கிரஸ் மாநாட்டுல, அப்போ ரொம்ப இளைஞரா இருந்த பிபின் சந்திர பால் இந்தச் சட்டத்தை எடுக்கணும்னு பேசினார். மேடையில பேசினவங்களுக்கு அது மானப் பிரச்சினை. மலையில இருந்தவருக்குப் பன்றிப் பிரச்சினை. தாலுகா ஆபீசுக்கு மலை இறங்கி, மனு எழுதி, பணம் கட்டி வாங்குற காகிதம் அவருக்கு எட்டாத தூரம். துப்பாக்கி தொடர்ந்துச்சு, ஆனா கூரைக்குள்ளயும் பாறை இடுக்குலயும் போயிடுச்சு.

ஒளிச்சு வெச்ச துப்பாக்கியை யார் கழுவுவாங்க? முற்றத்துல பானை வெச்சு வெந்நீர் காய்ச்சிக் குழலை அலசினா ஊருக்கே தெரியும். அவசரமாத் துடைச்சு, கைக்குக் கிடைச்ச எண்ணெயைத் தடவி, கோணியில சுத்தி உள்ள தள்ளுறதுதான் நடக்கும். உப்பு அப்படியே இருக்கும். ஐப்பசி மழை வரும்.

இதே சட்டம் குடகுல எப்படி நடந்துச்சுன்னு பார்த்தா வித்தியாசம் புரியும். 1861லயே மார்க் கப்பன் குடகர்களுக்கு ஆயுதக் கட்டுப்பாட்டுல இருந்து விலக்கு கொடுத்தார். ஆங்கிலேயருக்கு விசுவாசமா இருந்ததுக்குப் பரிசு. அந்த விலக்கு இன்னமும் தொடருது. கடைசியா 2019ல நீட்டிச்சாங்க, 2029 வரைக்கும். அங்க செப்டம்பர் தொடக்கத்துல கைல்போல்துன்னு ஒரு திருவிழா. நாற்று நட்டு முடிச்ச பிறகு, வீட்டுத் துப்பாக்கியெல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணி, பூ வெச்சுக் கும்பிடுவாங்க. அந்தப் பூவுக்கு அங்க பேரே தோக்குப் பூ, அதாவது துப்பாக்கிப் பூ. வேற எதுவும் இல்லை, நம்ம மாநில மலர் செங்காந்தள்தான்! தென்மேற்குப் பருவமழை ஓயுற நேரத்துல வருஷாவருஷம் ஒரு பொதுப் பராமரிப்பு நாள். பக்தின்னு சொல்லுங்க, பழக்கம்னு சொல்லுங்க, துருவுக்கு அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. ரெண்டு மலைச் சமூகம். ஒண்ணுக்கு வெளிச்சத்துல துடைக்கிற உரிமை, இன்னொண்ணுக்கு இல்லை. இது எனக்கு நியாயமாப் படலை.

சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த 1959 ஆயுதச் சட்டம் இதை யோசிக்காம இல்லை. உண்மையான பயிர்க் காவலுக்கு வாய்வழித் துப்பாக்கின்னா லைசென்ஸ் கொடுக்கணும்னு 13வது பிரிவுல தனியாவே ஒரு வரி இருக்கு. அது காகிதத்துல. 1972ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பன்றியைச் சுடுறதே குற்றம்னு ஆச்சு. சட்டம் வந்ததுக்கும் காரணம் இருக்கு, காடு காலியாகிட்டு இருந்துச்சு. ஆனா கூரைக்குள்ள இருந்த துப்பாக்கி இன்னும் ஆழமாப் போச்சு.

துரு வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. உள்ள அரிச்ச குழல் மெலிஞ்சிடும். அடுத்த தடவை மருந்து கெட்டிச்சுச் சுடும்போது முன்னாடி போக வேண்டிய வேகம் பக்கவாட்டுல பிளந்து வெளிய வரும், சுடுறவரோட கைக்கும் கண்ணுக்கும். இன்னொரு ஆபத்து, வாய்வழித் துப்பாக்கியில உள்ள மருந்து இருக்கா இல்லையான்னு வெளிய இருந்து தெரியாது. தோட்டா ரகம்னா மடக்கிப் பார்த்துடலாம். இதுல ஒரே வழி, இடிக்கிற கம்பியைக் குழலுக்குள்ள விட்டு எவ்வளவு இறங்குதுன்னு பார்க்கிறது, பிறகு அதே நீளத்தை வெளிய வெச்சு அளக்கிறது. அடி வரைக்கும் போகலைன்னா உள்ள ஏதோ இருக்கு. தாத்தா கெட்டிச்சு வெச்ச மருந்தா இருக்கலாம், துருவா இருக்கலாம். எதுன்னு தெரியுற வரைக்கும் அந்தத் துப்பாக்கியோட வாய்க்கு நேரா யாரும் நிக்கக் கூடாது.