ஒப்பாரி

சாவு வீட்டில் பெண்கள் ராகம் இழுத்து, சொல் கட்டி அழும் பாட்டு ஒப்பாரி. பிலாக்கணம் என்றும் சொல்வர். நெஞ்சில் அறைந்துகொண்டு பாடும்போது அது மாரடிப் பாட்டு. தமிழகத்திலும் ஈழத்திலும் ‘ஒப்புச் சொல்லி அழுவது’ என்பது பேச்சு வழக்கு. அதைக்கொண்டு, இறந்தவரைப் பொன்னுக்கும் தேருக்கும் ஒப்பிட்டுப் புகழ்வதே ஒப்பாரியின் வேலை என்று கருதுவதுண்டு. பாடல்களைக் கூர்ந்து கேட்டால் அது பாதி உண்மைதான் என்று தெரியும். அவற்றில் பெரிதும் ஒப்பிடப்படுவது அழுகிறவளின் நிலை: அவர் இருந்தபோது எப்படி இருந்தேன், இனி என்ன ஆவேன். எஞ்சியவர் தம் இழப்பை ஊர் நடுவே வைத்து முறையிடும் வழக்காகவே ஒப்பாரியைக் கொள்ள வேண்டும் என்பதற்குப் பழைய சான்றுகளும் இடம் தருகின்றன.

தொல்காப்பியப் புறத்திணையியல் இறப்பின் புலம்பலைக் காஞ்சித் திணையில் கையறுநிலை என்னும் துறையாக வைக்கிறது. அங்கே இறந்தவர் கழிந்தோர். புலம்புபவர் ஒழிந்தோர், அதாவது பின்தங்கிவிட்டவர். துறையின் பெயரும் பின்தங்கியவரின் நிலையையே குறிக்கிறது. புறநானூற்றில் அதியமானுக்காக ஔவையார் புலம்பும் 235ஆம் பாட்டில் அவன் வென்ற போர்கள் முன்னுக்கு வரவில்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் தங்களுக்கே தந்துவிடுவான் என்பதும், சோற்றையும் கறியையும் பங்கிட்டான் என்பதும் வருகின்றன. அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணரின் உண்கலத்தையும் துளைத்துவிட்டது என்கிறார். பாரி மகளிர் பாடிய 112ஆம் பாட்டு, போன மாத நிலாவில் தங்களிடம் இருந்ததையும் இந்த மாத நிலாவில் இல்லாததையும் எண்ணிச் சொல்கிறது. 256ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி, தானும் உடன் அடங்கும்படி ஈமத்தாழியை அகலமாகச் செய்யுமாறு குயவனிடம் கேட்கிறாள். ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த தாழிகளின் வாயகலத்தைப் பார்ப்பவருக்கு அந்த வேண்டுகோள் வெறும் கற்பனையாகத் தோன்றாது. பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்பாயப் புறப்பட்ட அவன் மனைவி பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுத்த சான்றோரை நோக்கிக் கைம்மைப் பெண்ணின் உணவையும் படுக்கையையும் ஒவ்வொன்றாக அடுக்கிப் பேசுகிறாள். துக்கப் பாட்டு வாதமாகவே ஆகிவிடும் இடம் அது. அவள் தேர்ந்த முடிவை இன்று யாரும் ஏற்க வேண்டியதில்லை. அவள் எடுத்துச்சொன்ன கைம்மைக் கொடுமை உண்மையானது.

அரசவைப் புலமைக்கும் நாட்டுப்புற அழுகைக்கும் இப்படி முடிச்சுப் போடலாமா என்று கேட்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்று நேராக வந்தது என்று காட்ட வழியில்லை, காட்டவும் தேவையில்லை. பாடுகிறவரின் நிலை இரண்டிலும் ஒன்றே. புரவலன் கையை நம்பியிருந்த பாணரும், கணவன் கையையோ தாய் வீட்டுச் சீரையோ நம்பியிருந்த பெண்ணும், பிறர் கொடுத்தால்தான் உண்டு என்ற இடத்தில் நின்றவர்கள். கொடுத்த கை விழுந்ததும் அவர்களுக்கு எஞ்சியது வாய்ச்சொல்.

இந்தச் சொல்லுக்கு இடமும் நேரமும் உண்டு. நீர்மாலைக்கும் வாய்க்கரிசிக்கும் முன்பு தொடங்கி, பாடை எடுக்கும்வரை, பெண்கள் தலைவிரித்து வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, நெற்றி முட்ட முன்னும் பின்னும் ஆடியபடி அழுகிறார்கள். தெருமுனையில் புதிதாக ஒருத்தி அலறிக்கொண்டு வந்தால், அடங்கியிருந்த அழுகை மறுபடி எழும்பி அவளை வட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளும். பல சாதிகளில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. கொள்ளியும் குடம் உடைப்பதும் ஆண்கள் கையில். ஆகவே அவர்களுக்கு உரிய சடங்கு இந்தச் சில மணி நேரம்தான். தாய் செத்த வீட்டில் மகள், இனி இந்த வாசலில் என்னை வா என்று சொல்ல யார் இருக்கிறார்கள், அண்ணி முகம் கொடுப்பாளா என்று பாடுவாள். அண்ணனும் அண்ணியும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். மற்ற நாளில் சொன்னால் சண்டையாகும் பேச்சை அன்று யாரும் தடுப்பதில்லை.

மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-தெசே 2005இல் வெளியிட்ட ஆய்வுநூல், இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்று தலைப்பிலேயே சொல்கிறது; இந்தப் பெண்கள் தம் குறைக்காகவே அழுகிறார்கள் என்பது அதன் வாதம். அவர் கண்டது சரி. ஆனால் அதைக்கொண்டு இறந்தவர்மேல் பாசம் இல்லை என்று முடிவுகட்டினால் தவறு. தாயை இழந்த துயரமும் தாய்வீட்டை இழக்கும் துயரமும் அவளுக்கு வேறுவேறல்ல. இதைவிடக் கடினமான மறுப்பு கூலி அழுகை. ‘கூலிக்கு மாரடிப்பது’ பொய்க்கு உவமையாகிவிட்டது. பல ஊர்களில் ஆதிக்கச் சாதியார் வீட்டுச் சாவுக்குத் தலித் மக்கள் பறையடிக்கவும் மாரடிக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அந்தக் கட்டாயத்தை எதிர்த்து நின்றவர்கள் செய்தது நியாயம். அந்த அழுகையில் பொய் இருந்தால், அது அழவைத்தவர்கள் மேல் ஏற வேண்டிய பழி.

தாய்வீட்டில் மகளுக்குள்ள இடத்தைச் சட்டமும் பின்னர் தொட்டது: 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. அதற்குமுன் மணமாகிப் போனவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005இல் இந்த உரிமை நாடு முழுவதற்கும் வந்தது. ஒப்பாரியில் காலங்காலமாகக் கேட்டதில் ஒரு பங்கு இப்போது பத்திரப்பதிவு அலுவலகத்தில் கேட்கக்கூடியதாகியிருக்கிறது. ஆனால் அண்ணனோடு உறவு முறியும் என்று அஞ்சி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் தங்கைகள் இன்றும் உண்டு. சாவு வீடும் மாறிவிட்டது; ஃப்ரீசர் பெட்டியும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டன. அழைத்துவரப்படும் பாடகர்கள் வீட்டாரின் பெயர்களைக் கேட்டு வாங்கிப் பாட்டில் சேர்க்கிறார்கள். மைக்கில் மகளின் பெயர் வருகிறது. அண்ணியைப் பற்றிய வரி வருவதில்லை.